நைட்ரோ எஞ்சின் 142 டிகிரி காட்டுது: ஊசியா, வெயிலா, காத்து கசிவா?

மாதவரம்_பக்கி
வணக்கம். வண்டி 1/8 அளவு ரிமோட் கண்ட்ரோல் பக்கி கார். 21 சைஸ் எஞ்சின், அதாவது 3.5 சிசி. எரிபொருள் மெத்தனாலும் ஆயிலும் கலந்த 25% நைட்ரோ, மீடியம் க்ளோ ப்ளக் (சூடான சுருளால கலவையைப் பத்த வைக்கற ப்ளக்). எஞ்சின் இதுவரை ஏறக்குறைய 7 லிட்டர் குடிச்சிருக்கு. மாதவரம் பக்கம் திறந்த மண் தரை.

காலை 6.30க்கு ஹெட் (எஞ்சினோட மேல்மூடி) 108 டிகிரி செல்சியஸ், 11 மணிக்கு 142. ஹை ஸ்பீட் நீடிலை, அதாவது முழு த்ராட்டில்ல எரிபொருள் அளவை வைக்கற ஊசியை, 1/8 சுற்று திறந்தேன், அப்புறம் இன்னொரு 1/8. புகை அடர்த்தியா வருது, நேர் ஓட்டத்துல இழுவை போயிடுச்சு. ஆனா சூடு 136தான் ஆச்சு. த்ராட்டிலை விட்டா ஐடில் உடனே இறங்காம 2, 3 நொடி மேலயே நிக்குது. இன்னும் எவ்வளவு திறக்கணும்?

ராயபுரம்_3.5சிசி
தம்பி, முதல்ல வண்டியை நிறுத்துங்க. 138க்கு மேல ஓட விடாதீங்க. இந்த எஞ்சினுக்குத் தனியா ஆயில் பம்ப் கிடையாது. எரிபொருள்ல கலந்து வர்ற ஆயில்தான் பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் பேரிங்குக்கும் உயவு. கலவை லீன் ஆச்சுன்னா, அதாவது காத்துக்கு எரிபொருள் குறைஞ்சா, சூடு ஏறும், ஆயிலும் குறையும். ரெண்டும் சேர்ந்து வர்றதாலதான் லீன் ஓட்டம் எஞ்சினைச் சீக்கிரம் தின்னுடுது.

நீங்க திறந்தது தப்பில்ல. அவசரத்துக்கு ரிச் பண்றதுதான், அதாவது எரிபொருளைக் கூட்டறதுதான் சரி. ஆனா மேலே, அதாவது முழு த்ராட்டில்ல, ரிச் ஆகியும் சூடு இறங்கலைன்னா கோளாறு அந்த ஊசியில இல்ல. மூணு விஷயம் சொல்லுங்க: எந்த இடத்துல அளந்தீங்க, எவ்வளவு தூரத்துல இருந்து, வண்டி வந்து எத்தனை நொடி கழிச்சு?

மாதவரம்_பக்கி
ஐஆர் கன் (தொடாம சூடு அளக்கற கருவி) அண்ணா. ஒரு அடி தூரத்துல இருந்து ஹெட்டோட பக்கவாட்டு துடுப்புல லேசர் புள்ளியை வச்சேன். வண்டியைக் கொண்டு வந்து அரை நிமிஷம் ஐடில்ல விட்டு அளந்தேன். காலையில 4 நிமிஷம் ஓடினதும் எடுத்தது, 11 மணிக்கு 20 நிமிஷம் விடாம ஓட்டினதுக்கு அப்புறம் எடுத்தது.

கொருக்குப்பேட்டை_லேத்
அப்போ அந்த 108ஐயும் 142ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கவே கூடாது. 4 நிமிஷ ஓட்டமும் 20 நிமிஷ ஓட்டமும் ஒண்ணு இல்ல.

ஐஆர் கன் உலோகத்தோட சூட்டை நேரா அளக்கறதில்ல. அதுல இருந்து வர்ற அகச்சிவப்பு கதிரை வாங்கிக் கணக்கு போடுது. விலை குறைஞ்ச கன்ல எல்லாப் பரப்பும் 0.95 அளவுக்குக் கதிர் விடும்னு நிலையா வச்சிருப்பாங்க. கருப்பு, ஊதா, நீலம்னு ஆனடைஸ் பண்ண துடுப்பு அதுக்கு ஓரளவு ஒத்து வரும். கடைஞ்சு பளபளன்னு விட்ட அலுமினியம் ஒத்தே வராது. அது விடற கதிர் ரொம்பக் கம்மி, அதனால நிஜ சூட்டைவிடக் குறைச்சுக் காட்டும். பளபளக்கற ஹெட்ல 100 காட்டுதுன்னு நிம்மதியா இருக்கறவங்க எஞ்சின் உள்ளே வெந்துக்கிட்டு இருக்கலாம்.

தூரமும் முக்கியம். 12க்கு 1 விகித கன்ல 30 செ.மீ. தூரத்துல இருந்து பார்த்தா 2.5 செ.மீ. வட்டம் முழுசும் சேர்த்து சராசரி எடுக்கும். அதுல துடுப்பு, இடைவெளியில தெரியற சேசிஸ், பின்னாடி மண்ணு எல்லாம் கலந்துடும். துடுப்பு காத்து பட்டுக் குளிர்ற இடமும் கூட. உள்ளே ப்ளக்கைச் சுத்தி இருக்கற சூடு அதைவிட அதிகம்.

சரியான இடம் ப்ளக் குழி. கன்னை ஹெட்டுக்கு நேர் மேலே 2 அல்லது 3 செ.மீ. உயரத்துல பிடிச்சு, குழிக்குள்ள ப்ளக்கைப் பார்த்து அளக்கணும். ஆழமான குழி கதிரை உள்ளேயே எதிரொலிச்சு வெளியே விடறதால பரப்பு பளபளப்பா இருந்தாலும் தப்பு குறையும். லேசர் புள்ளியை மட்டும் நம்பாதீங்க. லேசர் லென்ஸுக்கு மேலயோ பக்கத்துலயோ இருக்கும். இவ்வளவு கிட்டத்துல புள்ளி விழற இடம் ஒண்ணு, லென்ஸ் பார்க்கற இடம் இன்னொண்ணு. கன்னை மெல்ல அப்படி இப்படி அசைச்சு, எங்க அதிகபட்ச எண் வருதோ அதை எடுத்துக்கோங்க.

நேரம்: முழு த்ராட்டில்ல 5, 6 நேர் ஓட்டம், உடனே உள்ளே கொண்டு வந்து 10 நொடிக்குள்ள அளவு. அரை நிமிஷம் ஐடில்ல விட்டா நீங்க அளக்கறது லோ ஸ்பீட் கலவையோட சூடு, ஹை ஸ்பீடோடது இல்ல.

கன் மேல நம்பிக்கை இல்லாதவங்க ரிச்சி தெருவுல மல்டிமீட்டருக்கான கே டைப் தெர்மோகப்பிள் ஒயர் வாங்கி, நுனி உலோகத்தைத் தொடற மாதிரி ஹெட்டோட கீழ்த் துடுப்புக்கு அடியில இறுக்கிக் கட்டலாம். எண் கொஞ்சம் மெதுவா ஏறும். ஆனா தினமும் ஒரே இடம், ஒரே தொடுகை.

திருவொற்றியூர்_டர்ட்
எதுக்கு இவ்ளோ கணக்கு? கத்திரி வெயில் வந்தா ஹை ஸ்பீட் நீடிலை அரை சுற்று திற, மார்கழியில அரை சுற்று மூடு. நம்ம பசங்க எல்லாம் இப்படித்தான் ஓட்றாங்க.

ராயபுரம்_3.5சிசி
நண்பா, திசையே நேர்மாறு. இதைப் படிச்சு புதுசா வர்றவங்க எஞ்சினைக் கெடுத்துக்கக் கூடாதுன்னு எண்ணோட சொல்றேன்.

காத்து சூடானா அடர்த்தி குறையும். ஈரம் ஏறினா நீராவி ஆக்சிஜனோட இடத்தைப் பிடிச்சுக்கும். ரெண்டுலயும் எஞ்சினுக்குள்ள போற ஆக்சிஜன் குறையுது, ஊசி விடற எரிபொருள் அப்படியே இருக்கு. அப்போ வெயில் காலத்துல கலவை தானாவே ரிச் பக்கம் போகும். மார்கழி காலையில காத்து அடர்த்தியா இருக்கறதால தானாவே லீன் பக்கம் போகும். நீங்க சொன்ன மாதிரி மார்கழியில அரை சுற்று மூடினா லீன் மேல லீன் ஆகிடும்.

எவ்வளவு மாறும்? மார்கழி காலை 22 டிகிரி, ஈரப்பதம் 85%. மே மதியம் 37 டிகிரி, 40%. நீராவியைக் கழிச்சுட்டு மிச்சக் காத்தோட அடர்த்தியைக் கணக்கு போட்டா வித்தியாசம் 5%தான். அதுக்கு அரை சுற்று எங்கே தேவைப்படும்?

ஒரே நாளுக்குள்ள இன்னும் கம்மி. காலை 29 டிகிரி 80% ஈரத்துல இருந்து 37 டிகிரி 40% வரைக்கும் போனா குறையறது 2%. அப்புறம் கடல் காத்து உள்ளே வருது. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் முதல்ல, மாதவரத்துக்குக் கொஞ்சம் தாமதமா. வந்ததும் 34 டிகிரி, 70%ன்னு வச்சுக்கோங்க. குளிர்ந்ததால கூடின அடர்த்தியை ஏறின ஈரம் தின்னுடும், ஆக்சிஜன் அளவு ஏறக்குறைய மாறாது. கடல் காத்து வந்ததும் ஊசியைத் தேடிப் போறவங்க இதைக் கவனிக்கணும்.

திருவொற்றியூர்_டர்ட்
கணக்கு புரியுது. ஆனா வெயில்ல ஹெட் சூடு ஏறத்தானே செய்யுது? திறந்தா இறங்கறதை நானே கண்ணால பார்க்கறேனே.

ராயபுரம்_3.5சிசி
ரெண்டும் உண்மை. வெளிக்காத்து 8 டிகிரி ஏறினா, மத்ததெல்லாம் மாறாம இருந்தா, ஹெட்டும் கிட்டத்தட்ட அந்த அளவுதான் ஏறும். ஏன்னா துடுப்பு தன் சூட்டை அந்தக் காத்துக்குத்தான் கொடுத்தாகணும். ஊசியைத் திறந்தா கூடுதல் மெத்தனால் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கும், எரியற வேகமும் குறையும், அதனால இறங்குது. 10 டிகிரி இறக்க அப்படிச் செய்யலாம், ஆனா இழுவையைக் கொடுத்து வாங்கற குளிர்ச்சி அது. பாடியில முன் கண்ணாடியை வெட்டித் திறந்து, பின்னாடி காத்து வெளியேற வழி விட்டாலே இழுவையை விடாம அந்தக் குளிர்ச்சி கிடைச்சிடும்.

மாதவரம் தம்பி கேஸ்ல 8 டிகிரியை வெயிலுக்குக் கொடுத்துட்டாலும் 26 டிகிரி மிச்சம் நிக்குது. அளவு எடுத்த விதத்துல கொஞ்சம் போகும். மீதிக்குக் காரணம் அந்த இறங்காத ஐடில்னு நினைக்கிறேன்.

வியாசர்பாடி_ஊசி
ஆமா, இறங்காத ஐடில்தான் இங்க முக்கிய சாட்சி. த்ராட்டிலை விட்டதும் சத்தம் மேலயே நின்னு அப்புறம் மெல்ல இறங்கினா கீழ்க்கலவை (ஐடில், லோ ஸ்பீட்ல போற கலவை) லீன். ஒண்ணு லோ ஸ்பீட் நீடில் அதிகமா மூடியிருக்கு, இல்லன்னா எங்கேயோ காத்து உள்ளே இழுக்குது. இந்த வரிசையில பாருங்க.

முதல்ல ஐடில் இடைவெளி. ஏர் ஃபில்டரைக் கழட்டி, ரேடியோவை ஆன் பண்ணி, த்ராட்டிலும் ப்ரேக்கும் கொடுக்காம ட்ரிக்கர் நியூட்ரல்ல இருக்கும்போது கார்புரேட்டர் வாயில எவ்வளவு திறப்பு தெரியுதுன்னு பாருங்க. 21 சைஸுக்கு 0.7 மி.மீ. சுத்தி இருக்கணும். 1 மி.மீ. தாண்டினா யாரோ லோ ஸ்பீட் தப்பை ஐடில் ஸ்க்ரூ வச்சு மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். இதைச் சரி பண்ணாம ஊசியைத் தொட்டா எல்லா அறிகுறியும் பொய் சொல்லும்.

ரெண்டாவது, எஞ்சின் முழு சூட்டுல, டேங்க் பாதி இருக்கும்போது ஹை ஸ்பீட். டேங்க் காலியாகக் காலியாகக் கலவை லீன் பக்கம் நகரும். கடைசிக் கால் டேங்க்ல செட் பண்ணா, திரும்ப நிரப்பினதும் ரிச்சா ஓடும். ஊசியை ஒரு தடவைக்கு 1/12 சுற்றுக்கு மேல திருப்பாதீங்க, கடிகாரத்துல ஒரு மணி நேர அளவு. வலது பக்கம் லீன், இடது பக்கம் ரிச். திருப்பினதும் 2 முழு ஓட்டம் ஓட்டின பிறகு முடிவு பண்ணுங்க. நேர் ஓட்டம் முழுசும் மெல்லிய நீலப்புகைக் கோடு தெரியணும். சத்தம் தொண்டை கட்டின மாதிரி கரகரன்னா ரிச். ஓட்டத்தோட கடைசியில கிறீச்னு ஏறி இழுவை விட்டுப்போனா லீன்.

மூணாவது, ஐடில்ல விட்டு, கார்புக்குப் பக்கத்துல எரிபொருள் ட்யூபை விரலால அழுத்திப் பிடிங்க. 2லிருந்து 4 நொடிக்குள்ள சத்தம் லேசா ஏறி அணைஞ்சா லோ ஸ்பீட் சரி. உடனே அணைஞ்சா லீன். ரொம்ப நேரம் ஓடி, சத்தம் நல்லா ஏறி அணைஞ்சா ரிச். ஃப்ளைவீல், ஹெட் ரெண்டுலயும் விரல் படாமப் பாருங்க. அப்புறம் 10 நொடி ஐடில்ல விட்டு சட்டுன்னு த்ராட்டில் கொடுங்க. புகை கக்கித் திணறினா கீழே ரிச், புகையே இல்லாம பட்டுன்னு நின்னா கீழே லீன்.

லோ ஸ்பீட் மாத்தினா ஐடில் மாறும், அதைச் சரி பண்ணிட்டு ஹை ஸ்பீடை மறுபடி ஒரு தடவை பாருங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் ஐஆர் கன். 105லிருந்து 125க்குள்ள வந்தா விட்டுடுங்க. 130ஐத் தொட்டா 1/12 திறங்க.

கொருக்குப்பேட்டை_லேத்
இதுல ஒண்ணு சேர்த்துக்கோங்க. லோ ஸ்பீடைத் திறந்தும் ஐடில் தொங்கினா காத்து கசிவுதான். மேலே அவ்வளவு புகை விட்டும் சூடு இறங்காததுக்கும் அது ஒத்து வருது. கார்ப் மூடியிருக்கும்போது கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே இருக்கற அறை) இழுக்கற இழுப்புக்கு வாய் சின்னது, அதனால கசிவு வழியா வர்ற காத்து பெரிய பங்கு. முழுசா திறந்தா வாய் பெருசு, கசிவு பொருட்டே இல்ல. அதனால ஹை ஸ்பீடை எவ்வளவு திறந்தாலும் மேலே ரிச், கீழே லீன்தான். வளைவுக்கு வளைவு த்ராட்டில் விட்டு விட்டு ஓட்டற மண் தரையில எஞ்சின் பாதி நேரம் கீழ்க்கலவையிலதான் வாழுது.

சோதிக்கற விதம்: எஞ்சினைக் கழட்டுங்க, பிஸ்டனைக் கீழே இறக்கி வைங்க. கார்ப் வாயையும் எக்சாஸ்ட் வாயையும் ரப்பர் அடைப்பு போட்டு மூடுங்க. எரிபொருள் முனையில சிலிகான் ட்யூப் மாட்டி, வாளித் தண்ணிக்குள்ள எஞ்சினை முக்கி ட்யூப்ல மெல்ல ஊதுங்க. ட்யூப் புதுசா, சுத்தமா இருக்கட்டும், மெத்தனால் பட்ட ட்யூபை வாயில வைக்கவே கூடாது. குமிழி வர்ற இடம்தான் ஓட்டை. கார்ப் கழுத்து ஓ ரிங் (ரப்பர் வளையம்), பின் ப்ளேட், லோ ஸ்பீட் நீடில் ஓ ரிங், முன் பேரிங் நாலையும் பாருங்க. முன் பேரிங்ல ஒண்ணு ரெண்டு குமிழி வந்தா பரவாயில்ல, சரம் சரமா வந்தா மாத்தணும். முடிஞ்சதும் தண்ணியை உதறி, பேரிங்ல ஆயில் விட்டுச் சுத்தி விடுங்க, அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடாதீங்க.

டேங்கையும் அதே வாளியில பாருங்க. மூடி ரப்பர் கசிஞ்சா எக்சாஸ்ட்ல இருந்து வர்ற அழுத்தம் வீணாகி, ஓட்டத்துக்கு ஓட்டம் கலவை மாறும்.

எண்ணூர்_மணல்
எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் ஓட்டறவங்களுக்கு இன்னொரு வேலை இருக்கு. கடல் மணலும் நிலக்கரித் தூசியும் ஃபில்டரைத் தாண்டினா ஸ்லீவ் (பிஸ்டன் ஓடற குழல்) தேஞ்சுடும். ஸ்பாஞ்சுல ஃபில்டர் ஆயில் எல்லாப் பக்கமும் ஊறணும், சொட்டக் கூடாது. ஃபில்டர் ரப்பர் கழுத்தை கார்போட டை போட்டு இறுக்குங்க. ஓட்டிட்டு வந்ததும் கார்ப் வாயை வெள்ளைத் துணியால துடைச்சுப் பாருங்க. மணல் ஒட்டினா அன்னிக்கு ஃபில்டர் வேலை செய்யல.

சூட்டுக்கு இன்னும் சில காரணமும் உண்டு. வண்டியைத் தூக்கி வீலைக் கையால சுத்துங்க. ப்ரேக் உரசினா தெரியும். க்ளட்ச் பெல் பேரிங் தேஞ்சிருந்தாலும், பினியன் ஸ்பர் கியரோட இறுக்கமா கடிச்சாலும் 10, 15 டிகிரி சுலபமா ஏறும். ஊசி எந்தப் பக்கம் திருப்பினாலும் அது போகாது.

மாதவரம்_பக்கி
எல்லாம் பார்த்தேன். ஐடில் இடைவெளி 0.7 மி.மீ., சரிதான். ட்யூபை அழுத்தினா ஒரு நொடியில அணையுது. வாளியில கார்ப் கழுத்தைச் சுத்தி சரமா குமிழி. கழட்டினா ஓ ரிங் ப்ளாஸ்டிக் மாதிரி விறைச்சுப்போய் ஒரு பக்கம் கீறல். அந்த எஞ்சினுக்கான ஓ ரிங்கே போட்டு, கார்பைக் கீழே அழுத்திப் பிடிச்சுக்கிட்டே கிளாம்ப் போல்ட்டை இறுக்கினேன். லோ ஸ்பீட் 1/12 திறந்தேன், ஹை ஸ்பீட்ல திறந்த கால் சுற்றுல பாதியைத் திரும்ப மூடினேன். இப்போ ப்ளக் குழியில 10.30 மணிக்கு, 20 நிமிஷ ஓட்டத்துக்கு அப்புறம் 119. ஐடில் உடனே இறங்குது.

ஒரு சந்தேகம். அவ்வளவு சூட்டுல ஓடினதுல உள்ளே ஏதாவது போயிருக்குமா?

வியாசர்பாடி_ஊசி
ப்ளக்கைக் கழட்டிச் சுருளைப் பாருங்க. பளபளன்னு நேரா இருந்தா சரி. சாம்பல் நிறமா, சொரசொரப்பா இருந்தா லீனா ஓடியிருக்கு. நசுங்கி வளைஞ்சிருந்தா முன்கூட்டியே வெடிப்பு நடந்திருக்கு. அப்போ ஹெட்டைக் கழட்டிப் பிஸ்டன் மண்டையைப் பாருங்க. காபித்தூள் பழுப்பு நல்லது. நடுவுல ஈரக் கருப்பு இருந்தா ரிச். ஓரத்துல மணல் அடிச்ச மாதிரி குத்துக்குழி இருந்தா ஹெட்டுக்கு அடியில 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒண்ணு சேர்த்துக் கம்ப்ரஷனைக் குறைங்க, இல்லன்னா ஒரு படி குளிர்ந்த வகை (cold) ப்ளக் போடுங்க. ரெண்டையும் ஒரே நாள்ல செய்யாதீங்க, எது வேலை செஞ்சதுன்னு தெரியாது.

பின்ச், அதாவது உச்சியில ஸ்லீவ் பிஸ்டனை இறுக்கற பிடி, பார்க்கறது சுலபம். எஞ்சின் முழுசா ஆறினப்புறம் ப்ளக்கைக் கழட்டிட்டு ஃப்ளைவீலைக் கையால சுத்துங்க. பிஸ்டன் உச்சியில இறுகிப் பிடிச்சா ஸ்லீவ் இன்னும் இருக்கு. வழுக்கிக்கிட்டுப் போனா தேஞ்சிடுச்சு.

கொடுங்கையூர்_12
என் கேள்வி நேர் எதிர். 12 சைஸ் ஆன் ரோடு, டிசம்பர் காலையில 88க்கு மேல ஏற மாட்டேங்குது. லீன் பண்ணி 105க்குக் கொண்டு வரலாமா?

ராயபுரம்_3.5சிசி
வேண்டாம். எண்ணைத் துரத்தி ஊசியை மூடறதுதான் இந்த விளையாட்டுல அதிக எஞ்சினைக் கொன்ன பழக்கம். புகை, சத்தம், ட்யூப் சோதனை மூணும் சரியா சொல்லியும் ஹெட் 88ன்னா, காத்து அதை அளவுக்கு மீறிக் குளிர வைக்குது. ஆனா 88ல விடறதும் நல்லதில்ல. ஏபிசி எஞ்சின்ல (அலுமினியப் பிஸ்டன், க்ரோம் பூசின பித்தளை ஸ்லீவ்) ஸ்லீவ் மேலே குறுகலா கடைஞ்சிருக்கும், சூடானாத்தான் விரிஞ்சு பிஸ்டனுக்கு இடம் விடும். குளிரா ஓடினா ஒவ்வொரு சுத்துலயும் பிஸ்டன் உச்சியில உரசும்.

ஹெட்டோட துடுப்பைச் சுத்தி அலுமினியத் தாளைப் பாதி உயரத்துக்குச் சுத்திக் கட்டுங்க. 95 தாண்டற வரைக்கும் அளந்து அளந்து தாளைக் கூட்டிக் குறைங்க. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஹேர் ட்ரையர்ல ஹெட்டை 80 வரைக்கும் சூடாக்குங்க. புது எஞ்சின் ப்ரேக் இன்னுக்கும் (பழக்கற முதல் ஓட்டத்துக்கும்) இதேதான். ஈர ரிச்ல மணிக்கணக்கா ஐடில் விடற பழைய முறை ஸ்லீவைத் தேய்க்கத்தான் உதவும்.

எண்ணூர்_மணல்
எரிபொருள் பத்தி யாரும் பேசல. மெத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். நம்ம கடலோரக் காத்துல கேன் மூடியைத் திறந்து வச்சுட்டு மதியம் வரைக்கும் ஊத்தினீங்கன்னா சாயங்காலம் ஊசி எங்க வச்சாலும் நிக்காது. நிரப்பினதும் மூடுங்க, வெயில் வெளிச்சம் படாம வைங்க.

தண்ணி பாட்டில், கூல்டிரிங்க்ஸ் பாட்டில் எதுலயும் மாத்தாதீங்க. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில அறுபதுக்கும் மேல உயிரைக் குடிச்சது இதே மெத்தனால்தான். தோல் வழியாவும் உள்ளே போகும், கையுறை போடுங்க. பகல் வெளிச்சத்துல அதோட தீ கண்ணுக்குத் தெரியாது. சூடான எக்சாஸ்ட் மேல சிந்தினா தீ இல்லன்னு நினைச்சுக் கையை நீட்டாதீங்க. மெத்தனால் வாங்க விக்க உரிமம் வேணும், அதனால வீட்டுல கலக்கற யோசனையே வேண்டாம், அடைச்ச கேன்தான் வாங்கணும். சிலிகான் ட்யூபைப் பெட்ரோல்ல கழுவாதீங்க, ஊதிப்போய் முனையில பிடிக்காது. அதுவும் ஒரு கசிவு.

மாதவரம்_பக்கி
ப்ளக் சுருள் சாம்பல், ஆனா நேராத்தான் இருக்கு. பிஸ்டன் பழுப்பு, குழி இல்ல. பின்ச் இறுக்கமா இருக்கு. ப்ளக்கை மட்டும் மாத்திட்டேன்.

கொருக்குப்பேட்டை_லேத்
நல்லது. இன்னிக்கு ராத்திரி வேலையையும் முடிச்சுடுங்க. டேங்கைக் காலி பண்ணி, ட்யூப்ல இருக்கற மிச்சம் தீர்ற வரைக்கும் ஐடில்ல ஓட விட்டு, க்ளோ இக்னைட்டர் (ப்ளக் சுருளைச் சூடாக்கற பேட்டரிக் கருவி) வச்சு மறுபடி பத்த வச்சு, சுத்தமா பத்தாம போற வரைக்கும் எரிச்சுடுங்க. சூடு இருக்கும்போதே பிஸ்டனைக் கீழே இறக்கி வைங்க, ஃப்ளைவீல்ல மார்க்கர் கோடு போட்டா கண்டுபிடிக்கச் சுலபம். ஆறினதும் ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடிச்சப்புறம் துரு பிடிக்காம விடற ஆயில்) கார்ப் வாயில 4 சொட்டு, ப்ளக் குழியில 2 சொட்டு விட்டு, ப்ளக்கை மாட்டாம ஃப்ளைவீலைப் பத்து சுத்து சுத்துங்க. எரிஞ்ச நைட்ரோ விடற அமில மிச்சத்தோட கடல் ஈரமும் சேர்ந்தா பின் பேரிங் சீக்கிரம் துரு பிடிக்கும். துரு பிடிச்ச பேரிங் இறுகி ஓடினா அதுவும் கன்ல சூடாத்தான் தெரியும். ஹை ஸ்பீட், லோ ஸ்பீட் ரெண்டும் மூடின நிலையில இருந்து எத்தனை சுற்று திறந்திருக்குன்னு எண்ணி, மணி, வெளி சூடு, ஹெட் 119ன்னு சேர்த்து பெட்டி மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டிடுங்க. எண்ணும்போது ஊசியை லேசா முட்டற வரைக்கும் மட்டும் மூடணும். இறுக்கினா ஊசி முனையில வடு விழும்.